சாக்லேட் ஊற்றி மூடிய கேக் துண்டுக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

அஸ்தம்பட்டியிலிருந்து:

வணக்கம். வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிற பெண்களுக்கு இங்கே வகுப்பு எடுக்கிறேன். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல் இல்லாமல் நிற்கிறது. கேக்கைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, ஃப்ரீசரில் இறுக வைத்து, கம்பி ரேக்கில் இடைவெளி விட்டு அடுக்கி, உருக்கின சாக்லேட்டை மேலிருந்து ஊற்றி நாலு பக்கமும் மூடுகிறோம். பிள்ளைகளின் பிறந்தநாள் ஆர்டர் இப்போது பாதி வீடியோ கேம்தான்: டெட்ரிஸ், பேக்மேன், மரியோவின் கேள்விக்குறிப் பெட்டி, மைன்கிராஃப்ட் கட்டைகள். அதற்கெல்லாம் இந்தச் சதுரக் கேக் அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் "சாக்லேட் கோட்டட் கேக் ஸ்கொயர்" என்று எழுத மனம் வரவில்லை. வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் எட்டாவதோடு நின்றவர்கள், அவர்கள் வாயில் நுழைய வேண்டும்.

சூரமங்கலத்திலிருந்து:

காவிக்கண்டு மூடணிச்சல். சாக்லேட்டுக்குக் காவிக்கண்டு, கேக்குக்கு அணிச்சல், இரண்டும் ஏற்கெனவே உள்ளவை. மூடணிச்சல் வினைத்தொகை. விளக்கத் தேவையில்லை என நினைக்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து:

ஐயா, சீசனில் லேக் பக்கம் வருகிறவரிடம் காவிக்கண்டு வேண்டுமா என்று கேட்டால் வேட்டிக்கடை என்று நினைத்து அடுத்த கடைக்குப் போய்விடுவார். அப்புறம் மூடணிச்சல் என்றால் அணிச்சல் எதையோ மூடுகிறது என்றல்லவா ஆகிறது? இங்கே மூடப்படுவதுதான் கேக்.

சூரமங்கலத்திலிருந்து:

குடிநீர் எதைக் குடிக்கிறது, தம்பி? வினைத்தொகையில் செயப்படுபொருளும் நிலைமொழியோடு சேரும். இன்னொன்று, சாக்லேட் என்று எழுதுவதே வழு. வல்லின மெய் மொழியிறுதியில் வராது. சாக்கலேட்டு, கேக்கு என்றாவது எழுதுங்கள். சா முதலில் வருவதைத் தொல்காப்பியம் தடுக்கவில்லை, அந்த மட்டில் தப்பித்தது.

ஏற்காட்டிலிருந்து:

அதே நூற்பா சகரத்தை முதலில் விடாது. அப்படிப் பார்த்தால் உங்களுக்குச் "சரி" என்று பதில் எழுதக்கூட வழியில்லை.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

எங்கள் தெருவில் இதற்குச் சொல் ரெடியாக இருக்கிறது. வெள்ளிக் கொலுசுக்குத் தங்கம் ஏற்றினால் முலாம். சாக்லேட் முலாம் கேக். சேலத்தில் யாருக்கும் புரியும்.

சூரமங்கலத்திலிருந்து:

முலாம் அரபு வேர், உருது வழியாக வந்தது. ஆங்கிலத்தை விரட்ட அரபியைக் கூப்பிடுவதா?

அம்மாப்பேட்டையிலிருந்து:

சதுரம் என்பதை முதலில் விடுங்கள். சதுரத்துக்கு உயரம் கிடையாது, அக்கா வெட்டுவது கனச்செவ்வகம். அது கிடக்கட்டும், டெட்ரிஸ் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் செய்தது. டெட்ரா என்றால் கிரேக்கத்தில் நாலு. ஏழு வடிவம், ஒவ்வொன்றும் நாலு கட்டம், ஆக 28. ஏழையும் ஒரு செட்டாக 4க்கு 7 பெட்டியில் அடுக்கித் தருகிறேன் என்று யாரும் ஆர்டர் பிடித்துவிட வேண்டாம், அடங்காது. பெட்டிக் கட்டங்களுக்கு டார்க், வெள்ளை என்று மாறி மாறி நிறம் கொடுத்துப் பாருங்கள். 14 டார்க், 14 வெள்ளை வரும். ஆறு வடிவங்கள் எப்படி வைத்தாலும் இரண்டுக்கு இரண்டு பிடிக்கும், டி வடிவம் மட்டும் மூன்றுக்கு ஒன்று. கணக்கு எப்படி நேராகும்? பெரிய டப்பா வாங்குங்கள்.

சூரமங்கலத்திலிருந்து:

அருமை. 1980இல் வந்த பேக்மேன் பெயரும் ஜப்பானிய "பாக்கு பாக்கு" என்பதிலிருந்து வந்தது, வாயைத் திறந்து மூடித் தின்னும் ஒலிக்குறிப்பு. நம் லபக்கு, பக்குப் பக்கு எல்லாம் நினைவுக்கு வருகின்றனவா? ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ தமிழையும் ஜப்பானியத்தையும் இணைத்து எழுதினார், அவர் பட்டியலோடு இதையும் வைத்துப் பார்த்தால்

அஸ்தம்பட்டியிலிருந்து:

ஐயா, வெள்ளிக்கிழமை!

சரி, என் பங்குக்கு நானே சொல்கிறேன். மைசூர்பாகு கிளறித் தட்டில் கொட்டி "வில்லை போடுகிறோம்" என்கிறோமே, அந்த வில்லை ஏன் கூடாது? கேக் வில்லை.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

சடைவில்லை வட்டம். கற்பூர வில்லையும் வட்டம்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

பர்பி வில்லை வட்டமா, அண்ணா?

சூரமங்கலத்திலிருந்து:

வில் என்றால் ஒளி. இலங்கைப் பாடநூல்களில் வில்லை என்பது லென்ஸ், குவிவில்லை, குழிவில்லை. பிள்ளைகள் குழிவில்லையைத் தின்பார்களா?

ஏற்காட்டிலிருந்து:

தின்பார்கள், சாக்லேட் ஊற்றினால். வில்லைக்கு என் ஓட்டு. மூடுவதற்கு "போர்த்திய" வேண்டாம், பொன்னாடை ஞாபகம் வருகிறது. "தோய்த்த" எப்படி?

அஸ்தம்பட்டியிலிருந்து:

தோய்ப்பதில்லை. முக்கி எடுத்தால் கேக் உதிர்ந்து சாக்லேட் முழுக்கத் தூளாகிவிடும். ஒரே ஊற்றாக நடுவில் விட்டு ரேக்கைத் தட்டினால் தானாக வழிந்து பக்கம் மூடும், அடியில் பட்டர் பேப்பரில் சொட்டுவதை வழித்து மறுபடி உருக்கலாம். தோசை வார்க்கிறோம் இல்லையா, அந்த வார்த்தல்தான் இது.

ஏற்காட்டிலிருந்து:

அப்போ வார்ப்பு வில்லை. கையேட்டில் ஒரு வரி சேருங்கள் அக்கா: கோகோ வெண்ணெய் 34 டிகிரி பக்கத்தில் உருகிவிடும். கீழே சித்திரை வெயிலில் அசல் சாக்லேட் மேசையிலேயே ஒழுகும், காம்பவுண்ட் சாக்லேட்தான் நிற்கும், அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு. மேலே எங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அம்மாப்பேட்டையிலிருந்து:

காம்பவுண்டுக்குச் சேர்மம் என்று போட்டுவிடாதீர்கள், அது வேதியியல். கூட்டு என்றாலும் பூசணிக்காய்தான் வரும்.

அஸ்தம்பட்டியிலிருந்து:

அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று. முதல் இடத்தில் "சாக்லேட் வார்த்த கேக் வில்லை", பிறகு எல்லாம் "வார்ப்பு வில்லை". காம்பவுண்ட் காம்பவுண்டாகவே இருக்கிறது. தலைப்பில் நிகழ்பட ஆட்டம் என்று எழுதியிருந்தேன். நேற்று வகுப்பில் படித்துக் காட்டினால், நிகழ்ச்சியில் எடுத்த படமா என்று கேட்டார்கள், வீடியோ கேம் என்று மாற்றிவிட்டேன். நன்றி எல்லோருக்கும்.

சூரமங்கலத்திலிருந்து:

வார்ப்பு என்றால் இரும்பு வார்ப்படம். வில்லை என்றால் லென்ஸ். இரண்டையும் சேர்த்தால் கேக் வருகிறது என்று பெரும்பான்மை சொல்கிறது, சொல்லட்டும். என் மறுப்பு பதிவில் இருக்கட்டும், இரண்டாம் பதிப்பில் பேசுவோம். கேக்கின் மேல் விரிக்கிற சர்க்கரைப் பிசைவு, அந்த ஃபாண்டன்ட்டுக்கு என்ன போட்டீர்கள்?

அஸ்தம்பட்டியிலிருந்து:

ஃபாண்டன்ட்.