கரண்ட் போய் வந்ததிலிருந்து ரெப்ளிகா கனெக்ட் ஆகவில்லை, அவசரம்

பாளை_கடை: பாளையங்கோட்டையில் டேட்டாபேஸின் மெயின் சர்வர், தென்காசி கிளையில் ரெப்ளிகா, அதாவது அதன் நகல் சர்வர். நேற்றுவரை ஓடியது. கரண்ட் போய் வந்தபின், நகலெடுக்க வைத்திருக்கும் ரெப்ளிகேஷன் யூசரை மெயின் சர்வர் உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு சரிதான். சீக்கிரம் சொல்லுங்கள், கிளையில் பில் போடுகிறார்கள்.

வண்ணார்பேட்டை_லினக்ஸ்: எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன், எரர் நம்பர் என்ன?

கோவில்பட்டி_நெட்: ஐபி மாறியிருக்கும். ரூட்டர் ஆஃப் ஆகி வந்தாலே இப்படித்தான்.

மூத்த_ரூட்: கையேட்டைப் படிக்காமல் கிளஸ்டர் கட்டக் கிளம்பிவிடுகிறார்கள். யூசரை பழைய நேட்டிவ் பாஸ்வேர்டு முறைக்கு மாற்றும், வேலை முடிந்தது.

பாளை_கடை: மைஎஸ்க்யூஎல் 8.0. எரர் 2061, செக்யூர் கனெக்ஷன் வேண்டுமாம்.

கோவில்பட்டி_நெட்: அந்த யூசரை வைத்து ரெப்ளிகாவிலிருந்து கையால் லாகின் செய்து பாருங்கள்.

பாளை_கடை: செய்தேன். லாகின் ஆனது. கொஞ்ச நேரத்தில் ரெப்ளிகாவும் தானே ஓட ஆரம்பித்துவிட்டது!

கோவில்பட்டி_நெட்: சொன்னேன்லா!

வண்ணார்பேட்டை_லினக்ஸ்: அவசரப்படாதீங்க அண்ணாச்சி. 8.0-இல் பாஸ்வேர்டு சோதிக்கும் டீஃபால்ட் முறை கேச்சிங் ஷா2. நீங்கள் கையால் லாகின் செய்தபோது கிளையண்ட் தானாக எஸ்எஸ்எல்லில் (மறைத்து அனுப்பும் இணைப்பில்) போனதால் முழுச் சோதனை நடந்து, பாஸ்வேர்டு விவரம் சோர்ஸின் (மெயின் சர்வரின்) மெமரியில் ஏறிவிட்டது. அதனால்தான் எஸ்எஸ்எல் இல்லாத ரெப்ளிகாவையும் இப்போது விடுகிறது. முதலில் ஓடியதும் இப்படித்தான் இருக்கும். சோர்ஸ் ரீஸ்டார்ட் ஆனால் அந்த கேச் காலி, மறுபடியும் 2061. ரெப்ளிகாவை ஸ்டாப் செய்துவிட்டு, சேஞ்ச் ரெப்ளிகேஷன் சோர்ஸ் டு சோர்ஸ்_எஸ்எஸ்எல்=1 கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். 8.0.23-க்கு முந்தியது என்றால் சேஞ்ச் மாஸ்டர் டு மாஸ்டர்_எஸ்எஸ்எல்=1.

மூத்த_ரூட்: கெட்_சோர்ஸ்_பப்ளிக்_கீ=1 போதுமே. எதற்கு இத்தனை வியாக்கியானம்?

வண்ணார்பேட்டை_லினக்ஸ்: அது பாஸ்வேர்டை மட்டும்தான் மறைக்கும். பில் கணக்கெல்லாம் தென்காசி வரை திறந்தே போகும். நீங்கள் சொன்ன நேட்டிவ் பாஸ்வேர்டு 8.4-இல் டீஃபால்ட்டாகவே ஆஃப், 9.0-இல் எடுத்தே விட்டார்கள்.

மூத்த_ரூட்: 9.0-ஐ யார் கடையில் போடுகிறார்கள் வே? நான் 5.5 காலத்திலிருந்து ஓட்டுகிறேன்.

கோவில்பட்டி_நெட்: போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் போட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

மூத்த_ரூட்: அங்கே யாரை உள்ளே விடுவது என்று சொல்லும் பிஜி_எச்பிஏ கோப்பில் ரெப்ளிகேஷனுக்குத் தனி வரி வேண்டும். டேட்டாபேஸ் இடத்தில் ஆல் என்று போட்டால் ரெப்ளிகேஷன் அதில் சேராது. அதில் எத்தனை பேர் முட்டிக்கொண்டு நின்றார்கள் தெரியுமா?

பாளை_கடை: எஸ்எஸ்எல் போட்டாச்சு. சோர்ஸை ரீஸ்டார்ட் செய்தும் ஓடுகிறது. நன்றி அண்ணாச்சி.

நாங்குநேரி_டிபி: எனக்கும் 2061. ஆனால் சர்வர்கள் குழுவாக ஓடும் க்ரூப் ரெப்ளிகேஷன். இதே கட்டளை போதுமா?

வண்ணார்பேட்டை_லினக்ஸ்: போதாது. க்ரூப்_ரெப்ளிகேஷன்_ரெகவரி_யூஸ்_எஸ்எஸ்எல் ஆன் செய்யணும். வெர்ஷனையும் எரர் லாகையும் சேர்த்துத் தனி இழை போடுங்கள்.