முதல் பனிக்கு முன்னால் ரயர் மாற்றாமல் மாட்டிக்கொண்டவர்கள் சொல்லுங்கள்

ஸ்காபரோவிலிருந்து:

கனடா வந்து வாங்கிய முதல் கார், ஒரு பழைய கொரோலா. விற்றவர் “ஓல் சீசன் ரயர், எந்தக் காலத்துக்கும் ஓடும்” என்றார். பெயரே அப்படித்தானே இருக்கிறது என்று நானும் நம்பிவிட்டேன்.

நவம்பர் கடைசி. இரவு வேலை முடிந்து, மோர்னிங்சைட் வீதி ஹைலண்ட் கிரீக் பக்கம் இறங்கும் சரிவில் வந்துகொண்டிருந்தேன். ஸ்னோ என்று சொல்ல ஒன்றும் இல்லை. வீதி நனைந்து கறுப்பாக மினுங்கியது, அவ்வளவுதான். கீழே சிவப்பு விளக்கு. பிரேக்கை அமத்தினேன். பெடல் காலுக்குக் கீழே கடகடவென்று உதறியதே தவிர, கார் நிற்கவில்லை. முன்னால் நின்ற பஸ்ஸின் பின்விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. வலப்பக்கம் வெட்டித் திருப்பி, நடைபாதை விளிம்பில் சில்லை மோதித்தான் நிறுத்தினேன். ரிம் நெளிந்தது. எனக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் கராஜில் அண்ணை ரயரின் பக்கவாட்டைத் தடவிக் காட்டினார். ‘எம் பிளஸ் எஸ்’ (M+S, சேறும் ஸ்னோவும்) என்று இருந்தது. “தம்பி, இது ரயரின்ர கோடுகள் எப்படி வெட்டியிருக்கு எண்டதுக்குத்தான். மூன்று முனை மலைக்குள்ள பனித்துகள் படம் இருந்தால்தான் ஸ்னோவில ஓட்டிச் சோதிச்ச ரயர்.” ரப்பர்தான் பெரிய விஷயமாம். வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே போகப்போகச் சாதாரண ரப்பர் இறுகிவிடும்; பிறகு வீதி வெறும் ஈரமாக இருந்தாலும் பிடிப்புக் குறைவுதான். வின்ரர் ரயர் குளிரிலும் மெதுமையாக இருக்கும்.

பக்கத்துக் கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, அதனால்தான் நானும் தள்ளிப்போட்டேன். ஆனால் போட்டால் இன்சூரன்ஸ் கட்டணத்தில் கழிவு உண்டு, 2016 முதல். கேட்டால்தான் தருவார்கள். நான் மூன்று வருஷம் கேட்காமலே இருந்தேன், அது வேறு கதை.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து:

அண்ணா, நான் பாதி மாற்றி மாட்டிக்கொண்டவன். முன்சக்கர இழுவை வண்டிதானே, முன்னால் இரண்டு வின்டர் டயர் போதும் என்று காசை மிச்சம் பிடித்தேன். ஆட்டோபானிலிருந்து இறங்கும் வளைவில், மழையும் பனியும் கலந்து அடித்த ஒரு காலையில், முன்பக்கம் நன்றாகப் பிடித்தது. பின்பக்கம்தான் என்னை முந்திக்கொண்டு வந்தது. வண்டி நின்றபோது வந்த வழியைப் பார்த்து நின்றிருந்தேன். பின்னால் யாரும் வராதது என் அதிர்ஷ்டம். போட்டால் நான்கும் போடுங்கள்.

இங்கே ஜெர்மனியில் பனியோ உறைந்த சாலையோ இருந்தால் வின்டர் டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது. 2024 அக்டோபர் முதல் அந்த மலைச் சின்னம் இருந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள். சட்டப்படி டயரின் பள்ளம் 1.6 மி.மீ. இருந்தால் போதும், ஆனால் பனிக்கு 4 இல்லாமல் நம்பக் கூடாது. 2 யூரோ நாணயத்தைப் பள்ளத்துக்குள் நிறுத்திப் பார்ப்பேன். அதன் வெள்ளி விளிம்பு சுமார் 4 மி.மீ. அகலம்; அது வெளியே தெரிந்தால் அந்த டயர் போச்சு.

வேலூரிலிருந்து:

எங்களுக்குப் பனி வேண்டாம், மழையே போதும். சின்ன காருக்கு 165 மி.மீ. அகல டயரைக் கழற்றிவிட்டு அழகுக்காக 195 போட்டேன். அகலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்று நினைப்பு. ஐப்பசி மழையில் ராத்திரி நெடுஞ்சாலையில் 90-ல் போகும்போது தேங்கிய தண்ணீரில் ஏறியது. ஸ்டியரிங் திடீரென்று வெறும் வளையம் மாதிரி ஆகிவிட்டது. பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். நல்லவேளை, சில நொடியில் ரோடு கிடைத்தது. அகல டயர் தண்ணீரைக் கிழிக்காமல் மேலே மிதக்கும் என்று பஞ்சர் கடைக்காரர் அப்புறம்தான் சொன்னார். அதோடு இன்னொன்றும் காட்டினார். ஓரத்தில் நான்கு இலக்கம், 3514. அதாவது 2014-ல் 35-வது வாரம் செய்தது. புதுசு என்று சொல்லி எனக்கு விற்றது 2019-ல்!

ஸ்காபரோவிலிருந்து:

இதை வாசித்துவிட்டு பேஸ்மென்டில் அடுக்கி வைத்திருக்கும் என் வின்ரர் ரயர்களைப் போய்ப் பார்த்தேன். மூன்றில் 4121. ஒன்றில் 1013. அந்த ஒன்று எப்படி வந்தது என்று நாளைக்கு அண்ணையைத்தான் கேட்கவேண்டும்.