ஸ்பான்சர் பிடிக்கிறது மார்க்கெட்டிங்கா, வசூலா?

டவுன்ஹால்_கடை: நேத்து ஒரு எம்பிஏ அண்ணன் இங்கே எழுதியிருந்தாரு: "மேனேஜ்மென்ட் மீட்டுக்கு ஸ்பான்சர் பிடிச்சவனுக்கு இன்டர்ன்ஷிப்பே தேவையில்லை." படிச்சதுல இருந்து மனசு ஆறலைங்க. கோவை டவுன்ஹால் பக்கம் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. போன வருஷம் காலேஜ் கிளப்ல இருந்து அஞ்சு பேரு கழுத்துல டேக்கோட வந்து, அந்த மீட்டுக்கு, அதாவது போட்டி விழாவுக்கு, மேடை பேனர்ல பேர் போடறோம்னு 2,000 ரூபா வாங்கிட்டுப் போனாங்க. நானே போய்ப் பார்த்தேன். கடைப் பேரு கீழ்மூலைல. அதை மறைச்சு ஸ்பீக்கர் பெட்டி. இது மார்க்கெட்டிங் இல்லை, வசூல்.

எம்பிஏ_ராக்கெட்: எழுதியது நான்தான். ஒரு வார்த்தைகூட மாற்றமாட்டேன். 43 கடை ஏறி இறங்கினேன், 11 கடை கொடுத்தது. மற்ற 32 இடத்தில் "முதலாளி இல்லை, அப்புறம் வா" என்று கேட்டுத் திரும்பியது எந்த வகுப்பில் கிடைக்கும்? பெஸ்ட் மேனேஜர், பிசினஸ் க்விஸ், விளம்பரம் நடித்துக் காட்டும் ஆட்-ஜாப் போட்டி எல்லாம் அந்தக் காசில்தான் நடந்தது. பெட்டியை வைத்தது சவுண்டு சர்வீஸ்காரர். 2,000 ரூபாயை சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

டவுன்ஹால்_கடை: யாரு வெச்சா என்னங்ணா? தள்ளி வைக்கச் சொல்ல வாயில்லையா? பேரு தெரிஞ்சுதா, இல்லையா?

பேரேடு: ஆடிட்டர் ஆபீஸில் 9 வருஷம் இருக்கிறேன். சிஎஸ்ஆர் என்பது 2013 கம்பெனிச் சட்டம், பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஒன்றையாவது எட்டிய கம்பெனிக்குத்தான். பாத்திரக்கடைக்கு ஏது? விளம்பரத்துக்குக் கொடுக்கும் ஸ்பான்சர்ஷிப் அதில் சேராது என்று விதியிலேயே இருக்கிறது. அந்தப் பாடம் நடந்த அன்றைக்கு, கிளப் வேலைக்காக வகுப்புக்கு வராமலே வருகைப்பதிவு வாங்கும் ஓடியில் (ஆன் டியூட்டி) இருந்தீர்களோ?

நீலா_பிகாம்: ஓடி பேச்சு வந்ததால் சொல்றேன். நான் என்எஸ்எஸ். ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். கிளப்காரங்களுக்கு டேக் போட்டாலே ஓடி. நாங்க ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஸ்டாஃப் ரூம் வாசல்ல நிக்கணும். 75 சதவீத வருகைக்கு ரெண்டு நாள் குறைஞ்சு, அதை மன்னிச்சுப் பரீட்சை எழுத விடுறதுக்கான கண்டோனேஷன் ஃபீஸ் கட்டினேன்.

எம்பிஏ_ராக்கெட்: முகாமில் குழி வெட்டுவதும் முதலாளியிடம் பேசிக் காசு வாங்குவதும் ஒன்றா?

நீலா_பிகாம்: குழி மட்டுமா வெட்டினோம்? 60 வீடு ஏறி சர்வே எடுத்தோம். உங்க 43-ஐ விட அதிகம். ஒரு வீட்லயும் காசு கேக்கல.

டவுன்ஹால்_கடை: வீட்டுக் கணக்கு கிடக்கட்டுங்க. நான் ஈவினிங் காலேஜ் பிகாம். பகல்ல கல்லா, சாயங்காலம் வகுப்பு. எனக்குக் கிளப்பும் கிடையாது, ஓடியும் கிடையாது. எவர்சில்வர் குடத்தைச் சுண்டிப் பார்த்துட்டு வேண்டாம்னு படி இறங்குற அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டு விக்கிறோமே, அதுதான் மார்க்கெட்டிங். குடம் ஒழுகுச்சுன்னா மாத்தித் தர்றோம். பேரு மறைஞ்சதுக்கு நீங்க என்ன தந்தீங்க?

எம்பிஏ_ராக்கெட்: வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பினோம். அப்பாவிடம் கேளுங்கள்.

டவுன்ஹால்_கடை: கேட்டாச்சு. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போத்துற படம். அதுலயும் பெட்டிதான் தெரியுது.

பேரேடு: ரசீது கொடுத்தார்களா?

எம்பிஏ_ராக்கெட்: அது டிரெஷரர் வேலை. எத்தனை பேர் சேர்ந்து திட்டினாலும் நான் கற்றது கற்றதுதான். இந்த வருஷமும் ஜூனியர்கள் டவுன்ஹாலுக்கு வருவார்கள்.

டவுன்ஹால்_கடை: வரட்டுங்க. பெட்டியை எங்க வைப்பீங்கன்னு எழுதி எடுத்துட்டு வரட்டும்.