குழந்தைக்கு 'வலிகள்' என்றா பெயர் வைப்பீர்கள்? ஸ்பானியப் பெண் பெயர்களும் நம் அனுபவங்களும்

எப்ரோக்கரை:
பதினொரு ஆண்டுகள் ஆகியும் நான் என்னை மன்னித்துக்கொள்ள முடியாத நிகழ்ச்சி இது. சரகோசாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பெண்களின் பெயர்களைக் கொண்டே ஸ்பானிய மொழியைக் கற்றுவந்தேன். அலுவலகத்தில் மட்டும் மூன்று பிலார்கள் இருந்தார்கள். பிலார் என்றால் தூண் என்பதும், அன்னை மரியா தூண்மேல் நின்று இயேசுவின் சீடரான சந்தியாகப்பருக்குக் காட்சி தந்ததாகப் போற்றப்படும் பேராலயம் அந்நகரிலேயே ஆற்றங்கரையில் உள்ளது என்பதும் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டன. ரொசீயோ பனித்துளி, பலோமா புறா, லூஸ் ஒளி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். அப்போதுதான், எனக்குத் தாயைப் போல இருந்த மூத்த அலுவலர் ஒருவர், பிறக்கப்போகும் பேத்திக்குத் தம் பெயரையே, டொலோரெஸ் என்பதையே, வைக்கப்போவதாக மகிழ்ச்சியோடு சொன்னார். மருத்துவரிடம் தலைவலியைச் சொல்வதற்காக முந்தின நாள்தான் 'டொலோர்' என்ற சொல்லைக் கற்றிருந்த நான், "குழந்தைக்கு வலிகள் என்றா பெயர் வைப்பீர்கள்?" என்று கேட்டுவிட்டேன். அவர் காபிக் கோப்பையைத் தட்டில் வைத்தார். சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "என்னை எல்லோரும் லோலா என்றுதான் கூப்பிடுகிறார்கள்" என்று மெல்லச் சொன்னார். குழந்தைக்கு லூசியா என்று பெயர் வைத்தார்கள். என் கேள்விதான் காரணமா என்று கேட்கும் துணிவு இன்றுவரை எனக்கு வரவில்லை.

முத்துநகர்:
ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தப் பெயருக்கு வலி என்று பொருள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதன் முழு வடிவம் மரியா தெ லொஸ் டொலோரெஸ். அகராதியில் அது வலியாக இருக்கலாம். பெயரில் அது மகனைப் பறிகொடுத்த தாயின் ஏழு துயரங்களைக் குறிக்கிறது. செப்டம்பர் 15-இல் நாம் விழா எடுக்கும் வியாகுல மாதாவேதான் அவர். எங்கள் தெருவில் வியாகுலமேரி என்ற பெயரைக் கேட்டு யாரும் திடுக்கிட்டதில்லை. சொக்கோர்ரோ என்பது நம் சகாயம், அம்பாரோ நம் அடைக்கலம், இன்மாக்குலாதா நம் அமலோற்பவம். தனிமை என்று பொருள்படும் சொலெதாத் என்ற பெயரும், மகனை அடக்கம் செய்தபின் தனித்து நின்ற அதே தாயை நினைத்து வைப்பதுதான்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். செவில்யாவில் ஒரு ஆகஸ்ட் 5, தார்ச்சாலை உருகும் வெயில். மருந்துக்கடைப் பெண்ணின் சட்டையில் 'நியெவெஸ்' என்று எழுதியிருந்தது. பனி என்று பொருள். கோடையின் நடுவில் உரோமை நகரக் குன்றொன்றில் பனி பெய்ததாகச் சொல்லப்படும் மரபிலிருந்து வந்த பெயர் அது. "இன்று உங்கள் பெயர்த் திருநாள், தூத்துக்குடியில் எங்கள் பனிமய மாதாவுக்கும் இன்றுதான் திருவிழா" என்றேன். அவர் என் மருந்துப் பையைத் திருப்பி வைத்து, பேனாவை என்னிடம் நீட்டி, தம் பெயரை என் மொழியில் எழுதச் சொன்னார். 'பனிமயம்' என்று எழுதினேன். பையை அவரே வைத்துக்கொண்டு, மருந்துக்கு வேறு பை தந்தார்.

பில்பாவோவில் வசிப்பவள்:
முத்துநகர் சொன்ன அதே பனிக்கு இங்கே வேறொரு பெயர் உண்டு. பாஸ்க் மொழியில் எதுர்னே என்பார்கள். பாஸ்க் தேசியத் தலைவர் சபினோ அரானா உருவாக்கி, அவர் மறைவுக்குப்பின் 1910-இல் வெளிவந்த பெயர்த் தொகுப்பு பரப்பிய பெயர்களில் அதுவும் ஒன்று; டொலோரெசுக்கு ஈடான நெக்கானேயும் அப்படித்தான். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில் இத்தகைய பெயர்களைப் பதிவேட்டில் எழுத முடியாது. 1977-இல்தான் சட்டம் மாறியது. என் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருநாள் தம் பழைய அடையாள அட்டையையும் புதியதையும் மேசைமேல் அருகருகே வைத்தார். பழையதில் நியெவெஸ், புதியதில் எதுர்னே. பழைய பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, "என் அம்மா ஒருநாளும் என்னை இப்படிக் கூப்பிட்டதில்லை" என்றார்.

மெக்சிகோவிலிருந்து:
கொன்சுவேலோ என்பவருக்கு, ஓகாரத்தில் முடிகிறதே என்று, 'திருவாளர்' எனக் கடிதம் எழுதினேன். பதில் கடிதத்தின் கையொப்பத்துக்குக் கீழே 'செஞோரா', அதாவது திருமதி, என்ற சொல் இருமுறை அடிக்கோடிடப்பட்டிருந்தது. கொன்சுவேலோ என்றால் ஆறுதல், பெண்ணின் பெயர். ரொசாரியோ, அம்பாரோ, சொக்கோர்ரோ ஆகியவையும் அப்படியே. குவாதலூப்பேயோ இருபாலருக்கும் வைக்கும் பெயர். 1824-இல் பதவியேற்ற இந்நாட்டின் முதல் குடியரசுத் தலைவரே குவாதலூப்பே விக்டோரியாதான்.

மகளுக்கு ஸ்பானியப் பெயர் தேடுகிறவர்களுக்குச் சில சொற்கள். பொருளை மட்டும் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். செல்லப்பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் குழந்தை வாழ்நாள் முழுவதும் அதைத்தான் கேட்கும். ரொசாரியோ சாரோவாகும், கொன்சுவேலோ செலோவாகும், மெர்செதெஸ் மெர்ச்சேயாகும். கொன்செப்சியோன் என்பது கொன்ச்சாவாகும். ஸ்பெயினில் அதற்குச் சிப்பி என்றுதான் பொருள், ஆர்ஜென்டினாவிலோ அது வாய்விட்டுச் சொல்லத் தகாத சொல். குடும்பம் நாடு மாறக்கூடும் என்றால் இதை இப்போதே எண்ணிப்பாருங்கள். ஆங்கில எழுத்துக் கூட்டலை நம்பி ஜிமெனா என்று கூப்பிடாதீர்கள், அது ஹிமெனா. எப்ரோக்கரை, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பெயினில் பிறக்கும் பெண் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலில் லூசியா பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. குழந்தையின் தாய், தன் தோழிகள் வைத்த பெயரையே வைத்திருக்கலாம். அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

மாலா, கிரனாதா:
முதல் பதிவைப் படித்தபோது மேசையின் மறுபக்கத்தில் நான் அமர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. ஸ்பானியத்தில் 'மாலா' என்றால் கெட்டவள். வசிப்பிட அட்டைக்காகக் காத்திருந்த கூடத்தில், அலுவலர் பட்டியலைப் பார்த்து என் பெயரில் வந்து நின்றார். வாய் திறந்தார், மூடினார், கடைசியில் என் தந்தை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அருகில் சென்றதும், "உங்கள் பெற்றோர் ஏன் இப்படி..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை, ஆனால் தொண்டை அடைத்தது. பூக்களைத் தொடுத்து இறைவனுக்கும் மணமக்களுக்கும் சூட்டுவது என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானியத்தில் விளக்கினேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் 'கிர்னால்தா' என்று எழுதி, "இதுவா?" என்று கேட்டார். ஆம் என்றேன். பிறகு என் பெயரை, இந்தமுறை தயங்காமல், ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்தார்.