காட்டுப்பூனையைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கன்னங்குறிச்சிக்காரர்:
விடியற்காலை மாட்டுக்குத் தட்டு உருவப் போனேன். போர் ஓரமாக ஒன்று நின்றது. பக்கத்து வீட்டுப் பூனை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கால் நீளம், உடம்பில் வரியோ புள்ளியோ இல்லாத மண் நிறம், காது நுனியில் கறுப்பு முடி. வால் பின்னங்கால் முட்டியைக்கூடத் தாண்டவில்லை; நுனியில் கறுப்பு வளையம். "ச்சூ" என்றால் நம் பூனை நாலு எட்டு ஓடி, நின்று திரும்பிப் பார்க்குமே? இது சட்டையே செய்யாமல் நடந்து கரும்புக்குள் போய்விட்டது. எங்கள் பூனை மத்தியானம் வரை பரணை விட்டு இறங்கவில்லை. இப்போது அது போட்ட குட்டிகளில் ஒன்று மண் நிறம். அப்பன் அதுதான் என்கிறார் அம்மா. இருக்குமா?

அஸ்தம்பட்டி வாசி:
நீங்கள் பார்த்தது காட்டுப்பூனையேதான். அப்பன் விஷயத்தில் நான் பந்தயம் கட்ட மாட்டேன். இரண்டும் ஃபெலிஸ் பேரினம், கலப்பு நடக்கக்கூடியதுதான்; சௌசி என்ற வளர்ப்பினமே அப்படி உண்டானது. ஆனால் காட்டுப்பூனைக் குட்டி பிறக்கும்போது வரியோடு பிறக்கும், வளர வளரத்தான் மங்கும். மண் நிறக் குட்டியைத் தெருப்பூனையே போடும். இன்னொன்று, வீட்டுப்பூனையின் மூதாதை நம் கரும்புக்காட்டு ஆள் இல்லை. மேற்காசியா, வட ஆப்பிரிக்கா பக்கத்து வேறொரு காட்டுப்பூனை. 2007-இல் வெளிவந்த மரபணு ஆய்வு அதை உறுதி செய்தது. தானியக் குதிருக்கு எலி வந்தது, எலிக்காகப் பூனை வந்தது. சைப்ரஸில் சுமார் 9,500 ஆண்டுப் பழைய புதைகுழியில் மனிதனுக்குப் பக்கத்திலேயே பூனையையும் புதைத்திருக்கிறார்கள்.

கன்னங்குறிச்சிக்காரர்:
எதிர்வீட்டுக் கடுவனும் அதே மண் நிறம்தான் என்று தம்பி இப்போது சொல்கிறான். அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார், விடுங்கள்.

ஏற்காடு எஸ்டேட் ஆள்:
இங்கே ராத்திரி கூரைமேல் ஓடுவதையெல்லாம் காட்டுப்பூனை என்பார்கள். பாதி நேரம் அது மரநாய், பூனைக் குடும்பமே இல்லை. காலையில் பாறைமேல் எச்சத்தைப் பாருங்கள், காப்பிக்கொட்டை முழுசாகக் கிடக்கும். நிஜக் காட்டுப்பூனைக் குட்டியும் ஒருமுறை கிடைத்தது. காப்பிச் செடியடியில் கத்திக்கொண்டிருந்ததை வேலைக்கு வந்த அக்கா முந்தானையில் சுற்றி எடுத்து வந்துவிட்டார். தாய் இரைக்குத்தான் போயிருக்கும் என்று எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னோம். இருட்டுவதற்குள் கவ்விக்கொண்டு போய்விட்டது. தூக்கி வந்து பால் ஊற்றி வளர்க்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வனத்துறைக்குச் சொல்வதே சரி. அப்புறம், வீட்டுப்பூனைக்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள், அதன் நோய் காட்டில் இருப்பதற்கும் தொற்றும்.