ஆஸ்திரேலியாவில் ஒரு மதுரா

மெல்போர்னிலிருந்து பெர்த், சுமார் 3,400 கி.மீ., அதுவும் ஜனவரி வெயிலில். அந்த மாசம் மட்டும் வேண்டாம் என்று விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். என்ன செய்ய, மகனுக்கு அப்போதுதான் லீவு. திருமங்கலத்திலிருந்து வந்திருந்த அம்மாவின் விசாவும் பிப்ரவரியோடு முடிகிறது.

வண்டி 1994 மாடல் வேன். யாரோ ஒருவர் உள்ளே படுக்கையும் ஒற்றை அடுப்பும் வைத்து, பல கை மாறி எங்களிடம் வந்தது. இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். தண்ணீர் பார்க்கணும் என்றால் உட்கார்ந்திருக்கிறவரை இறக்கிவிட்டு சீட்டைத் தூக்கணும். நூறு கிலோமீட்டர் ஓடினால் சீட்டில் தோசை ஊற்றலாம். கிளம்பும் முன்னால் 'ஃபுல் சர்வீஸ்' என்று பணம் வாங்கிய ஒர்க்‌ஷாப்பில் ரேடியேட்டர் ஹோஸை ஒரு தரம் அமுக்கிக்கூடப் பார்க்கவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

செடுனா என்கிற ஊர் வரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு அப்புறம்தான் நல்லார்போர் சமவெளி. லத்தீனில் மரமே இல்லாதது என்று அர்த்தமாம். வழியில் இருக்கிற ரோட்ஹவுஸ்களில் பெட்ரோல் கிடைக்கும், தண்ணீர் பிடிக்க விடமாட்டார்கள், அவர்களுக்கே அது அருமை. அதனால் செடுனாவிலேயே நாற்பது லிட்டர் பிடித்துக்கொண்டோம். இது மட்டும் நான் உருப்படியாகச் செய்த காரியம்.

மேற்கு ஆஸ்திரேலியா எல்லையில் சோதனைச் சாவடி. பழம், காய்கறி, செடி கொடி எதையும் உள்ளே விடமாட்டார்கள். இதை முதல் நாள் ராத்திரி, நல்லார்போர் ரோட்ஹவுஸ் பக்கத்தில் வண்டியைப் போட்ட பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன்.

"எம்புட்டு காய் கெடக்கு! குப்பையிலயா கொட்டச் சொல்ற? சமைச்சுட்டா ஒண்ணும் சொல்ல மாட்டான்ல?"

சமைத்தால் பரவாயில்லை என்றேன். அவ்வளவுதான். அடிக்கிற காற்றில் அடுப்பைச் சுற்றிப் பாயைப் பிடித்துக்கொண்டு என் மனைவி நிற்க, ராத்திரி பதினோரு மணி வரை உருளைக்கிழங்குப் பொரியல், கத்திரிக்காய்க் கொத்சு, தக்காளித் தொக்கு. எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை ஒரு பை நிறைய இருந்தது. அதை மொறுமொறுவென்று வறுத்து, உளுந்தும் மிளகாயும் சேர்த்து இடித்துப் பொடியாக்கிவிட்டார். உரல் ஏது? எவர்சில்வர் டம்ளரும் என் வீல் ஸ்பேனரும்.

மறுநாள் சாவடியில் அதிகாரி சிங்க்குக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். பொடியை மோந்து பார்த்துத் தும்மிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். போனது தேன் பாட்டில் மட்டும். தேனும் கூடாதாம், அந்தப் பக்கம் போகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டியதும் கடிகாரத்தை ஒன்றேமுக்கால் மணி நேரம் பின்னால் தள்ளணும். யூக்லா பக்கத்துக்கென்று தனி நேரம், முக்கால் மணிக் கணக்கில். அம்மா சுகர் மாத்திரையை எந்த மணிக்குப் போடுவது என்று ஒரு பஞ்சாயத்தே நடந்தது.

யூக்லாவில் இறக்கம். அப்புறம் தட்டையான ரோடு, ரோட்டோரம் செத்த கங்காருவின் மேல் பெரிய பெரிய கழுகுகள். கடைசியில் மறுபடியும் மேட்டில் ஏறுகிற இடத்தில் பெயர்ப்பலகை. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏப்பா, மதுரான்னுல்ல போட்டிருக்கு! வெள்ளக்காரன் நம்ம மதுரைய இப்படித்தான எழுதுவான்?"

போட்டோ எடுத்தே ஆகணும் என்று இறங்கினார். எடுத்துவிட்டு மதுரா ஏற்றத்தில் பாதிதான் ஏறியிருப்போம், டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது. வெளியே 43 டிகிரி. ஹீட்டரை முழுசாகப் போட்டேன். இஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். நாலு பேரும் இட்லிப் பானைக்குள் இருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தோம். முள் இறங்கியது, நானும் தப்பித்தோம் என்று நினைத்தேன். முப்பது கிலோமீட்டர் தாண்டி சீட்டுக்கு அடியில் 'புஸ்' என்றது.

போனில் சிக்னல் இல்லை. ரோட் டிரெயின் ஒன்று, அதாவது டிரெய்லர்களை வரிசையாகக் கோத்து இழுக்கிற ராட்சத லாரி, கடந்து போனது, அந்தக் காற்றில் வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ஒரு மணி நேரம் கழித்து கேரவன் இழுத்துக்கொண்டு வந்த வயதான தம்பதி நின்றார்கள். பெரியவருக்கு எழுபத்தைந்து இருக்கும். என்ன ஏது என்று கேட்கவே இல்லை, சீட்டைத் தூக்கச் சொன்னார். ஆறட்டும் என்று சைகை காட்டிவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆறியதும் பார்த்தால் மேல் ஹோஸ் கிளாம்ப்புக்குப் பக்கத்தில் கிழிந்திருந்தது. கிழிந்த நுனியை இரண்டு விரற்கடை அளவு கத்தியால் சீவி எறிந்தார். மிச்ச ஹோஸை இழுத்து மாட்டி, கிளாம்ப்பை முறுக்கினார். செடுனாத் தண்ணீர் எட்டு லிட்டர் உள்ளே போனது. ரேடியேட்டர் மூடியை முழுசாக இறுக்காதே, பிரஷர் ஏறினால் மறுபடியும் கிழியும் என்றார். எண்பதைத் தாண்டாதே என்றும்.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அம்மா வேனுக்குள் போய், பொடி பாட்டிலைக் கொண்டுவந்து அந்த அம்மாவின் கையில் திணித்தார்.

காய்குனாவில் தொடங்கி 146.6 கி.மீ. ஒரு வளைவுகூடக் கிடையாது. உலகத்திலேயே நீளமான நேர்ரோடுகளில் ஒன்று என்று அதைப் பார்க்கவே வருகிறார்கள். நான் ரோட்டை எங்கே பார்த்தேன், முள்ளைத்தான் பார்த்தேன். மூன்று தடவை நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம்.

நார்ஸ்மன் வந்து சேர்ந்து, கல்கூர்லியிலிருந்து புது ஹோஸ் வருவதற்கு இரண்டு நாள் ஆனது. இரண்டாம் நாள் காலையில் கேரவன் பார்க்கில் அதே பெரியவர் எதிரே வந்தார், கையில் காலி பாட்டில். டோஸ்ட்டில் வெண்ணெய் தடவி அதன் மேல் தூவிச் சாப்பிட்டார்களாம், இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அம்மாவிடம் சொன்னேன்.

"ரொட்டிக்கா? அட கிறுக்கா, சோத்துக்குன்னு நீ சொல்லலையா?"