நூல் அந்தாதி: இன்னும் உறுத்துகிற அந்த ஒரு கண்ணி

செங்காங் வாசகி

விதி எல்லாருக்கும் தெரிந்ததுதான்: ஒவ்வொரு நூலுக்கும் அதற்கு முந்தைய நூலோடு ஏதாவது ஓர் ஒற்றுமை இருக்கவேண்டும், அதுதான் கண்ணி, அதைக் கட்டத்தில் எழுதவேண்டும். நேரே விஷயத்துக்கு வருகிறேன். 12 நூல் சங்கிலி. ஏழாவது இமையத்தின் ‘செல்லாத பணம்’, எட்டாவது ஹேமாவின் ‘வாழைமர நோட்டு’. ‘என்ன ஒற்றுமை’ என்ற கட்டத்தில் இருந்தது ஒரே ஒரு சொல்: பணம். சரிபார்த்தவர் சிவப்புக் கோடு போட்டுவிட்டார். “இரண்டாவது தலைப்பில் பணம் எங்கே? நோட்டுதான் இருக்கு. ஒன்று நாவல், இன்னொன்று கட்டுரை. கண்ணி செல்லாது.”

செல்லாதாம்! அந்தச் சொல்லையே எடுத்து அடித்தார் பாருங்கள், அதுதான் உறுத்துகிறது. நாவலில் மகள் ஜிப்மர் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள், அப்பா கையில் காசு இருக்கிறது, அதை வைத்து ஒன்றும் செய்ய முடியவில்லை. கட்டுரை நூல் ஜப்பானியர் ஆட்சிக் காலத்துச் சிங்கப்பூர். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் அச்சடித்து விட்டார்கள், 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் மூட்டை மூட்டையாக வைத்திருந்தவர் கையில் மிஞ்சியது வெறும் காகிதம். இரண்டையும் சேர்ப்பது ‘பணம்’ இல்லை, ‘செல்லாத’. கட்டத்தில் எழுதிய சொல்தான் தப்பு, கண்ணி தப்பில்லை.

நல்ல கண்ணி இப்படித் தப்பான பெயரால் அறுந்தது வேறு யாருக்காவது உண்டா?

பழைய பதிப்பு

எனக்குப் பெயரில் அறுந்ததில்லை, ஆண்டில்தான் அறுந்தது. ஆண்டு ஒற்றுமை பார்க்கிறவர்கள் பதிப்புப் பக்கத்தைத் திறந்து ‘முதல் பதிப்பு’ என்ற வரியைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் அந்தப் பதிப்பகத்தின் முதல் பதிப்பு. நாவல் பிறந்த ஆண்டு அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும், இல்லை முன்னுரையின் கடைசிப் பத்தியில் ஒளிந்திருக்கும், சில நூல்களில் இரண்டு இடத்திலும் இருக்காது. இரண்டு செம்பதிப்புகள் ஒரே ஆண்டு புத்தகக் காட்சிக்கு வந்திருந்தால் இரண்டிலும் ஒரே ‘முதல் பதிப்பு’ ஆண்டு. அதைக் கண்ணி என்று எழுதினால் நாவல்களை இணைத்ததாக ஆகாது, அச்சகத்தை இணைத்ததாகத்தான் ஆகும்.

சரியாகப் பார்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு மூன்று நூல் வளையம். சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’. அடுத்து தி. ஜானகிராமனின் ‘மரப்பசு’, கண்ணி தலைப்பில் உள்ள மரம். அடுத்து ‘அம்மா வந்தாள்’, கண்ணி ஆசிரியர். ‘அம்மா வந்தாள்’ 1966. ‘புளியமரத்தின் கதை’யும் 1966. வால் வந்து தலையைக் கவ்விக்கொண்டது. அபிராமி அந்தாதி ‘உதிக்கின்ற’ என்று தொடங்கி நூறாவது பாட்டில் ‘உதிக்கின்றவே’ என்று வந்து முடிகிறதே, அந்த மாதிரி. மண்டலித்தல் என்று இலக்கணத்தில் பெயரே உண்டு.

மறுபதிப்பு ஆண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்த வளையம் கண்ணிலேயே பட்டிருக்காது. தொடராக வந்த நூலென்றால் இன்னும் கவனம் வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை ஓடியது, எந்த ஆண்டைக் கணக்கில் எடுப்பது? தொடர் முடிந்த ஆண்டா, நூலான ஆண்டா என்று சங்கிலி தொடங்குவதற்கு முன்பே எழுதி வைக்காவிட்டால் பிறகு சண்டைதான்.

மெய்யெழுத்து

பழைய பதிப்பு அண்ணே, வளையம் அழகு, ஆனால் ஒரு கண்ணி ஏமாற்று. புளியமரம் உயிரோடு நிற்கிற மரம். மரப்பசு மரத்தால் செய்த பசு. எழுத்து ஒன்று, பொருள் வேறு. சரி விடுங்க, நான் வந்தது எழுத்துக் கண்ணிக்காக.

ஆங்கில நூல் படிக்கிறவர்கள் கடைசி எழுத்து, முதல் எழுத்து என்று ஓட்டிவிடுவார்கள். தமிழில் அப்படியே செய்தால் மூன்றாவது நூலில் முட்டுச்சந்து. நம் தலைப்பு பாதி மெய்யில் முடியும், மெய்யில் எந்தச் சொல்லும் தொடங்காது. ஆகவே மெய்யில் முடிந்தால் அதன் வரிசையை எடுக்கணும்: ‘சாயாவனம்’ முடிவது ம், அடுத்தது ம வரிசை, ‘மோகமுள்’ எடுக்கலாம். ஆனா ‘மோகமுள்’ முடிவது ள். ள வரிசையில் தொடங்கும் சொல்லே கிடையாது. ழ, ண, ன, ற நான்கும் அப்படித்தான். அங்கே ஒரு எழுத்து பின்னால் போகணும்: மு, அப்போ ம வரிசை. ‘பொன்னியின் செல்வன்’ என்றால் ன் அடைப்பு, பின்னால் வ. ஒரு எழுத்துக்கு மேல் பின்னால் போக விட்டால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் இணைத்துவிடலாம், அதனால் ஒன்றுதான்.

இப்போ உறுத்துகிற கண்ணி. ‘அம்மா வந்தாள்’, ள் அடைப்பு, பின்னால் தா, த வரிசை. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. அது முடிவது ர். ர கர வரிசையில் தமிழ்ச் சொல் தொடங்காது, எல்லாரும் அங்கே கையை விரிப்பாங்க. நம்ம ஊர் இந்திரஜித்தின் ‘ரயில்’ இருக்கே! அது முடிவது ல். மறுபடியும் முட்டுச்சந்து மாதிரித் தெரியும். மலேசியாவின் அ. ரெங்கசாமி ‘லங்காட் நதிக்கரை’ எழுதி வைத்திருக்கிறார். தமிழ்நாட்டு அலமாரியை மட்டும் வைத்து ஆடினால் ரகரமும் லகரமும் சுவர். இங்கே ஊர்ப் பெயரும் இரவல் சொல்லும் தலைப்பில் வருவதால் அதே இடம் கதவாகிறது. ‘நதிக்கரை’யில் ரை, ‘ரயில்’ ஏற்கெனவே போயாச்சு, பின்னால் க, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. இதுவரை யாரும் இதை உடைக்கவில்லை.

தெம்பனிஸ் 21

கண்ணி பேசுகிறீர்கள், கையில் நூல் இருக்கிறதா என்று யாரும் பேசவில்லை. சங்கிலி அறுவதில் பாதி அங்கேதான்.

பார்த்த சம்பவம் சின்னது: சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’, 2011 சாகித்திய அகாதெமி. விருதுக் கண்ணி போட்டு அடுத்து ஜோ டி குரூஸின் ‘கொற்கை’, 2013. இரண்டும் ஆயிரம் பக்கத்தைத் தாண்டும் செங்கல். அடுத்தடுத்து இரண்டு செங்கல் வைத்தால் சங்கிலி அறாது, படிக்கிறவர்தான் படுத்துவிடுவார். அதே விருதில் 2020க்கு வந்தால் ‘செல்லாத பணம்’ கிடைக்கும், அளவான நூல்.

இனி யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்ப் பொது நூலகத்தில் இரவல் 21 நாள், ஒரு தடவை நீட்டிக்கலாம், மொத்தம் 42. ஆயிரத்து ஐம்பது பக்க நூலென்றால் நாளுக்கு 25 பக்கம் விடாமல் போகவேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் வைத்தால் அது முக்கால் மணி நேரத்தில் சற்றுக் குறைவு, எம்ஆர்டி ரயிலில் போக வர முடிந்துவிடும், உட்கார இடம் கிடைத்தால். வேறு யாராவது முன்பதிவு செய்துவிட்டால் நீட்டிக்க விடாது, அப்போது 21 நாளுக்கு நாளொன்றுக்கு 50 பக்கம். எனவே பெரிய நூலை எடுத்த அன்றே, நீட்டிப்பு கிடைக்காது என்று நினைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரு நூலை முடித்த பிறகு அடுத்ததைத் தேடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு படித்ததும் இரண்டு வேட்பாளர் குறித்து வையுங்கள், இரண்டும் வெவ்வேறு வகைக் கண்ணியாக: ஒன்று ஆண்டு என்றால் மற்றது இடம். ஒரே ஆசிரியரின் இரண்டு நூலை வேட்பாளராக வைத்தால் இரண்டும் ஒரே வாசகர் வீட்டில் இருக்கும், அனுபவத்தில் சொல்கிறேன். அட்டவணையில் தேடும்போது தமிழ் எழுத்தில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் ஒரு தடவை தேடுங்கள். பழைய பதிவுகளில் தலைப்பு ஒலிபெயர்ப்பில் இருக்கும், ழகரத்தையும் நெடிலையும் எப்படி எழுதியிருப்பார்கள் என்று ஊகிக்கவே முடியாது. ஆசிரியர் பெயரில் உள்ள சின்ன, குழப்பமில்லாத பகுதியைப் போட்டால் சீக்கிரம் கிடைக்கும். அலமாரியில் தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. அழைப்பெண் ‘R’ என்று தொடங்கினால் அது மேற்கோள் பிரதி, விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் மேலே போய் அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டியதுதான், வீட்டுக்கு வராது. இதைப் பார்க்காமல் சங்கிலியில் எழுதிவிட்டு நூலகத்துக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம்.

சிங்கப்பூர் நூல் கிடைக்கவில்லை என்று உடனே கைவிடாதீர்கள். 2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் 1965க்குப் பிந்தைய 50 ஆண்டு நூல்களில் சுமார் 350ஐ மின்வடிவாக்கி வைத்தார்கள். கடையில் மறுபதிப்பே இல்லாத கவிதைத் தொகுப்புகூட அதில் அகப்படும்.

ஐந்தாம் மாடி

தெம்பனிஸ் சொன்னதில் நூலகக் கணக்கு சரி, கண்ணியைப் பற்றி ஒன்றும் இல்லை. செங்காங் அக்காவுக்குப் பதில் சொல்ல வந்தேன்.

சரிபார்த்தவர் அடித்தது சரிதான் என்பேன். ‘செல்லாத’ என்பது முதல் நூலின் தலைப்பில் இருக்கிறது, இரண்டாவது நூலில் அது வாசகர் தலையில் இருக்கிறது. கண்ணிக்குப் பக்க எண் சொல்ல முடியவேண்டும், இரண்டு நூலிலும். நோட்டு செல்லாமல் போன இடத்தை ‘வாழைமர நோட்டு’க்குள் காட்டி, எண்ணைக் கட்டத்தில் எழுதியிருந்தால் யாரும் கோடு போட்டிருக்க மாட்டார்கள். நாவல், கட்டுரை என்பதெல்லாம் வீண் வாதம், அதில் உங்கள் பக்கம்.

அதே அளவுகோலில் மெய்யெழுத்துத் தம்பியின் சங்கிலியும் தேறாது. ‘தண்ணீர்’ சென்னையில் குடத்தோடு வரிசையில் நிற்கும் கதை, ‘ரயில்’ சயாமுக்குக் கூலியாகப் போனவர்கள். எழுத்து தவிர இரண்டுக்கும் என்ன பேச்சு? அந்த இடத்தில் ‘ரயில்’ வைத்தால் அடுத்தது ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ வைக்கவேண்டும். ஒரே தண்டவாளம், ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை, சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். ஒரே காலம், 1942, 43. ஒரே ஆட்கள், தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றப்பட்டவர்கள். அதற்கடுத்து ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ வைக்க எல்லாருக்கும் கை வரும், கண்ணி ‘போர்க்காலம்’ என்று எழுதிவிடுவார்கள். போர்க்காலம் என்பது வலை, எதைப் போட்டாலும் மாட்டும். இடத்தைப் பிடியுங்கள்: சுமத்ராவின் மெடானில் ஜப்பானியப் படை நுழைவதில் தொடங்குகிறது நாவல், பிறகு பினாங்கு. பினாங்கைக் கையில் வைத்துக்கொண்டால் 1959இல் வந்த அவரது ‘கடலுக்கு அப்பால்’ நாவலுக்கு ஆசிரியர் பெயரைத் தொடாமலேயே போய்விடலாம்.

மெய்யெழுத்து

அண்ணே, அந்தாதியே எழுத்து, அசை, சீர், அடி என்று நான்கு வகை. பொருளில்தான் தொடுக்கணும் என்று எந்த இலக்கணமும் சொல்லவில்லை. எழுத்துக் கண்ணிக்கு இருக்கிற நன்மை ஒன்றுதான், யாரும் வாதாட முடியாது. ள் என்றால் ள்.

இரண்டு கை

இன்னொரு வகை இருக்கிறது, இங்கே யாரும் தொடவில்லை: மொழிபெயர்ப்பாளர். தகழியின் ‘செம்மீன்’ தமிழில் வந்தது சுந்தர ராமசாமியின் கையால். அதைப் படித்து முடித்துவிட்டு ‘ஒரு புளியமரத்தின் கதை’க்குப் போனால், போன நூலில் பின்னால் நின்றவர் இந்த நூலில் முன்னால் வருகிறார். கட்டத்தில் பெயர் ஒன்றுதான், பாத்திரம் மாறிவிட்டது. அந்த இடத்தில் ஒரு வாக்கியம் மற்றொரு வாக்கியத்தை நினைவூட்டும் பாருங்கள், அதற்குப் பக்க எண் எழுதிவைக்க மறந்தால் பிறகு தேடவே முடியாது. ஒட்டுத்தாள் ஒன்று கூடவே இருக்கட்டும், நூலக நூலில் பென்சிலால்கூடக் கோடு வேண்டாம்.

கிளை வேண்டுமென்றால் ‘செம்மீன்’ நல்ல முச்சந்தி. கடலுக்குப் போனால் ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’. தலைப்புச் சொல்லைப் பிடித்தால் நம் மா. இளங்கண்ணனின் ‘தூண்டில் மீன்’. இரண்டாவதில் ஜாக்கிரதை, மீன் என்ற சொல்லைத் தவிர வேறு ஒன்றும் இல்லாமல் போனால் ஐந்தாம் மாடி வந்து நிற்பார்.

பழைய பதிப்பு

மரப்பசு ஏமாற்று என்றதற்கு: மரத்தால் செய்த பசுவிலும் மரம் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கண்ணி பலவீனம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக என்ன வைத்தாலும் 1966 வளையம் மூடமாட்டேன் என்கிறது.

செங்காங் வாசகி

பக்க எண் போடுகிறேன், ஐந்தாம் மாடி. நூல் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது, திரும்பி வர இன்னும் 9 நாள். அதுவரை எட்டாவது கட்டத்தில் என்ன வைப்பது? ‘செல்லாத பணம்’ முடிவது ம், அடுத்தது ம வரிசை, ‘மோகமுள்’ வேண்டாம், அது நாலாவதில் போய்விட்டது.